துருவுக்குள்ள ஒரு இழைப்புளி!

போன வாரம் டேபிள் ஃபேனைக் கழட்டச் சொன்னதுக்கு, 'கழட்டிட்டேன், திரும்ப மாட்டத் தெரியலை'ன்னு வந்த மெயில்தான் ஜாஸ்தி. வீட்டுல டோஸ் வாங்கின எல்லாரும் இந்த வாரம் தைரியமா வரலாம். நாம கை வைக்கப் போறது அப்பாவோட ஃபேனும் இல்லை, அம்மாவோட மிக்ஸியும் இல்லை. ஏலத்துல வர்ற, துருப்பிடிச்சுப் போன தச்சுக் கருவிகள்!

'ஆணி அடிச்சா விரல்தான் நசுங்குது, நமக்கெதுக்கு பாஸ் தச்சு வேலை?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. மரத்தைத் தொடாமலே நாலு சாயங்காலம் சுவாரஸ்யமாப் போகும். கெமிஸ்ட்ரி இருக்கு, டிரிகனாமெட்ரி இருக்கு, பரங்கிப்பேட்டைகூட இருக்கு. நம்புங்க.

ஒரு மரப் பட்டறையை மூடினா முதல்ல விலை போறது மெஷின். அடுத்தது மரம். கடைசியில மிச்சம் கிடக்கிற உளி, ரம்பம், இழைப்புளி எல்லாத்தையும் ஒரு சாக்குலயோ பெட்டியிலயோ கொட்டி, 'இரும்புச் சாமான்கள் - ஒரு லாட்'ன்னு சீட்டு ஒட்டிடுவாங்க. பெரிய ஃபேக்டரி, அரசு நிறுவனம்னா எம்.எஸ்.டி.சி. மாதிரி இ-ஏலத்துல டன் கணக்குல போகும். அங்கே நமக்கு வேலை இல்லை. அதை எடுக்கிற மொத்த வியாபாரிகிட்ட இருந்து காயலான் கடை, காயலான் கடையில இருந்து உருக்காலை ஃபர்னஸ். நாப்பது வருஷம் ஒருத்தர் கையில இருந்த உளியும், லாரி இடிச்சு நசுங்கின கிரில் கேட்டும் தராசுல ஒரே விலை. நமக்கு இருக்கிற டைம், தராசுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான்.

எனக்கு மாட்டினது, தஞ்சாவூர்ப் பக்கம் மூடின ஒரு நாற்காலிப் பட்டறையோட சாமான். பூட்டு உடைஞ்ச ஒரு மரப்பெட்டி. எனக்குப் போட்டியா நின்னது ஒரே ஒருத்தர், பழைய இரும்புக்காரர். அவர் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். எடை பார்க்கிறாராம். 1,100 ரூபாய் வரைக்கும் வந்தவர், அதுக்கு மேல வாயைத் திறக்கலை. நான் 1,150-க்கு எடுத்தேன். ஏலத்துல இந்தக் கணக்கைப் பிடிச்சுக்கங்க: அவரோட உச்ச விலை எடையில இருந்து வருது, அதை அவரால மீற முடியாது. அதுக்குக் கொஞ்சம் மேல கேட்க ஒருத்தர் இருந்தா போதும், பெட்டி தப்பிச்சுடும். ஆனா, உள்ளே இருக்கிறது தப்பிக்க வைக்கிற மாதிரி இருக்கான்னு நாமதான் பார்த்துக்கணும்.

எப்படிப் பார்க்கிறது? துருவைப் பார்த்து பயப்படாதீங்க, அது பெரும்பாலும் மேலாக்கத்தான் இருக்கும். பயப்பட வேண்டியது வேற விஷயங்களுக்கு. இரும்பு இழைப்புளியோட உடம்பு வார்ப்பிரும்பு. கீழே போட்டா வளையாது, உடையும். பானைக் கடையில பாட்டி பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாங்களே, அதே டெக்னிக்! பிளேடு, ஸ்க்ரூ எல்லாம் எடுத்துட்டு விரல் முட்டியால தட்டுங்க. கணீர்னு கேட்டா ஓகே. 'டொப்'புன்னு கேட்டா எங்கேயோ விரிசல். பிளேடு எட்டிப் பார்க்கிற வாய் இருக்கில்லையா, அதோட ரெண்டு மூலையிலதான் முக்கால்வாசி விரிசல் ஒளிஞ்சிருக்கும். விரிசல் விட்டதை விட்டுடுங்க.

உளியை வாங்கும்போது எல்லாரும் சாய்வா தேய்ச்ச முன்பக்கத்தையே பார்ப்பாங்க. நீங்க முதுகைப் பாருங்க. கூர்ங்கிறது ரெண்டு பரப்பு சந்திக்கிற கோடு. முன்பக்கம் எவ்வளவு மோசமா இருந்தாலும் தேய்ச்சு எடுத்துடலாம். முதுகுல, நுனிக்குப் பக்கத்துல, துரு குழி குழியா அரிச்சிருந்தா, அந்தக் கோடு அங்கங்கே விட்டு விட்டுத்தான் வரும். குழி மேலே பிடிக்குப் பக்கத்துல இருந்தா கவலை வேண்டாம், அது வெறும் அம்மைத் தழும்பு. நுனி நீலம் பாரிச்சிருக்கான்னும் பாருங்க. அது ஏன்னு பின்னாடி சொல்றேன். ரம்பமா? பிடியைக் கண்ணுக்கு நேரா வெச்சு, துப்பாக்கிக் குறி பார்க்கிற மாதிரி நுனி வரைக்கும் பாருங்க. பல் போயிருந்தா மறுபடி போடலாம். தகடு மடிஞ்சு முறுக்கிட்டிருந்தா, அதை நிமிர்த்துறது நம்ம லெவல் கிடையாது.

என் பெட்டிக்குள்ள ஏழு உளி, ரெண்டு ரம்பம், ஒரு மூலைமட்டம், காம்பு இல்லாத ஒரு கொட்டாப்புளி, அப்புறம் பிடியில கொஞ்சூண்டு நீலப் பெயின்ட் ஒட்டிட்டிருந்த ஒரு 'ரெக்கார்டு 04' இழைப்புளி. நம்பரைக் கவனிச்சீங்களா? அமெரிக்காவுல லெனார்டு பெய்லிங்கிறவர் 1867-ல் காப்புரிமை வாங்கின டிசைன் இது. 1869-ல் ஸ்டான்லி கம்பெனி அந்த உரிமைகளை வாங்கி, சைஸுக்கு ஒரு நம்பர் போட்டு வித்துது. ஒன்பது அங்குலச் சொச்சம் நீளம் இருக்கிறது நம்பர் 4. 1931-ல் இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்க்காரங்க அதே டிசைனை 'ரெக்கார்டு'ன்னு பேர் வெச்சு இறக்கினாங்க. நம்பரை மட்டும் அப்படியே விடாம முன்னாடி ஒரு சைபர் போட்டுட்டாங்க. அசைன்மென்ட் காப்பி அடிக்கிறப்ப நாம ஃபான்ட் மாத்துற மாதிரி!

சரி, சட்டையை மடிச்சு விடுங்க.

முதல்ல கழட்டணும். துரு இரும்பை விடப் பெருசு. அதாவது, இரும்பு துருவா மாறினா இடம் அதிகமா எடுத்துக்கும். அதான் ஸ்க்ரூ மரைக்குள்ள இறுகிக்குது. சைக்கிள் கடை ஆயில், டீசல், டபிள்யூ.டி.-40... எது கிடைக்குதோ அதை விட்டு ராத்திரி முழுக்க ஊற வைங்க. ஸ்க்ரூவோட பள்ளத்துல இறுக்கமா உட்கார்ற ஸ்க்ரூடிரைவரை மட்டும் போடுங்க. லூஸா இருக்கிறதைப் போட்டுத் திருகினா தலை சிதைஞ்சுடும், அப்புறம் அதைக் கழட்ட கடவுள்தான் வரணும். கழட்டறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் செல்போன்ல போட்டோ எடுத்துக்கங்க. (டேபிள் ஃபேன் பார்ட்டிகளே, உங்களைத்தான்!) இழைப்புளிக்குள்ள பிளேடு சாஞ்சு உட்கார்ற அந்த வார்ப்புத் துண்டுக்கு இங்கிலீஷ் தச்சர்கள் வெச்ச பேர் 'ஃப்ராக்'. ஆமா, தவளை! அதுக்குப் பின்னாடி இருக்கிற பித்தளைச் சக்கரத்துக்கு பெரும்பாலும் இடது மரை. வழக்கமான பக்கம் திருகிட்டு 'வரமாட்டேங்குது'ன்னு பிளையரை எடுத்துடாதீங்க.

அடுத்து குளியல். கடையில விக்கிற வெள்ளை வினிகரே போதும். பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தி, இரும்புப் பாகங்களை மட்டும் முங்க வைங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மரப்பிடி உள்ளே போகக் கூடாது. பித்தளைப் பாகத்தைத் தனியா எடுத்து, குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா முடிஞ்சுது. வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். துரு தீர்ந்தாலும் அது வேலையை நிறுத்தாது, நல்ல இரும்பையும் மெதுவாத் தின்ன ஆரம்பிச்சுடும். அதனால காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. பழைய டூத் பிரஷ்ஷும் பித்தளை பிரஷ்ஷும் போதும். பெரும்பாலும் ஒரு நாள்ல முடிஞ்சிடும்.

வெளியே எடுத்ததும் வேகம் காட்டணும். ஆப்ப சோடா கலந்த தண்ணியில முக்கினா அமிலம் அடங்கும். சுடுதண்ணியில அலசி, துடைச்சு, வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வெச்சு, உடனே தையல் மெஷின் ஆயில் தடவிடுங்க. 'சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம்'னு போனீங்கன்னா, திரும்பி வர்றப்ப ஆரஞ்சு கலர்ல ஒரு புதுத் துரு உங்களை வரவேற்கும்.

பேட்டரி சார்ஜரும் சலவை சோடாத் தண்ணியும் வெச்சு கரன்ட் பாய்ச்சித் துரு எடுக்கிற முறையும் இருக்கு. அருமையா வேலை செய்யும். ஆனா ஹைட்ரஜன் வரும், திறந்த வெளி வேணும். எலெக்ட்ரோடா எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டா விஷமான குரோமியம் தண்ணியில இறங்கும். ஹாஸ்டல் ரூம்ல இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம், வார்டனுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

இப்ப ஒரு சண்டைக்கு வர்றேன். வொர்க்‌ஷாப்ல கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷை மாட்டி 'சர்ர்ர்'னு காட்டினா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும், தெரியும். செய்யாதீங்க. மூலையெல்லாம் மழுங்கிடும். அதை விட முக்கியமா, எழுத்து போயிடும். வினிகர்ல இருந்து எடுத்து மெதுவாத் துடைச்சப்ப, ஒரு உளியோட கழுத்துல ரெண்டு வார்த்தை தெரிஞ்சுது: 'காஸ்ட் ஸ்டீல்'. கீழே 'ஷெஃபீல்டு'.

இந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு கதை. 1740-கள்ல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன்கிற கடிகாரக்காரர், ஸ்பிரிங் செய்ய நல்ல எஃகு கிடைக்கலைன்னு மண் மூசைக்குள்ள எஃகை உருக்கி ஊத்தினார். அதான் காஸ்ட் ஸ்டீல். ஷெஃபீல்டு உளிக்கு உலகம் முழுக்கப் பேர் வந்தது இதனாலதான். ஆனா அதுக்கு உசத்தியான ஸ்வீடன் இரும்பு வேணும், விலை ஜாஸ்தி. இங்கேதான் நம்ம பரங்கிப்பேட்டை வருது. ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒருத்தர், கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் உத்தியோகத்தை விட்டுட்டு, 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை வெச்சார். சேலத்துத் தாதுவைக் கொண்டு வந்து உருக்கினார். அதுல அவர் பணக்காரர் ஆகலை. இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்குற மூசையில கொஞ்சம் மாங்கனீஸ்-கார்பன் சேர்மத்தைப் போட்டா மட்டமான இரும்புலயும் நல்ல எஃகு வரும்னு கண்டுபிடிச்சு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுல எஃகு விலை சரிஞ்சுது. ஹீத்துக்குக் காசு வரணுமே? அங்கேயிருந்த தயாரிப்பாளர்கள், சேர்மமாப் போடாம மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரியையும் தனித்தனியாப் போட்டாங்க. மூசைக்குள்ள போனா ரெண்டும் சேர்ந்து அதேதான் ஆகும்! 'இது உங்க காப்புரிமையில இல்லையே'ன்னு கையை விரிச்சுட்டாங்க. வருஷக்கணக்கா கோர்ட் படி ஏறின ஹீத், வழக்கு முடியறதுக்குள்ளயே 1851-ல் செத்துப் போனார். அதுக்கு அப்புறம் வந்த ஷெஃபீல்டு உளியைக் கையில எடுத்தா எனக்கு அந்த மனுஷன் ஞாபகம்தான் வருது. கம்பி பிரஷ் போட்டிருந்தா ரெண்டு வார்த்தையும் தூளாப் போயிருக்கும், இந்தக் கதையைத் தேடணும்னே எனக்குத் தோணியிருக்காது.

இனிமேதான் நிஜமான வேலை, கூர் போடறது. துருவை எடுத்துட்டு வார்னிஷ் அடிச்சு ஷோகேஸ்ல வைக்கிறதுன்னா இதோட நிறுத்திக்கலாம். ஆனா அது கருவி இல்லை, பொம்மை.

கண்ணாடிக் கடையில 8 மி.மீ. கனத்துல ஒரு வெட்டு மிச்சம் கேளுங்க, ஓரத்தைத் தேய்ச்சுத் தரச் சொல்லுங்க. பெயின்ட் கடையில வாட்டர் பேப்பர் 220, 400, 800, 1000, 2000 நம்பர்ல ஒவ்வொண்ணு. கண்ணாடி மேல தண்ணி தெளிச்சுப் பேப்பரை ஒட்டினா, அதுதான் உங்க சாணைக்கல். முதல்ல உளியோட முதுகு. நுனியில இருந்து ஒரு அங்குலம் மட்டும் கண்ணாடி மாதிரி தட்டையானா போதும். இது போரடிக்கும். ஒரு உளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காதுல பாட்டை மாட்டிக்கங்க.

அப்புறம் சாய்வு. 30 டிகிரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ப்ராட்ராக்டர் வேண்டாம். சைன் 30 எவ்வளவு? அரை! அப்போ சாய்வுப் பரப்போட நீளம், உளியோட கனத்தைப் போல சரியா ரெண்டு மடங்கு இருந்தா அது 30 டிகிரி. ப்ளஸ் டூவுல 'இதெல்லாம் எங்கே சார் யூஸ் ஆகப் போகுது'ன்னு கேட்ட கடைசி பெஞ்ச் நண்பர்களுக்கு இந்த வரி சமர்ப்பணம். அந்தக் கோணத்தை மாத்தாம, பெரிய நம்பரை நோக்கி ஒவ்வொரு பேப்பரா தேய்ச்சுட்டே போங்க. முதுகுப் பக்கம் விரலை வெளிப்பக்கமா நகர்த்தினா ஒரு பிசிறு தட்டுப்படும். நுனி முழுக்கப் பிசிறு வந்தாச்சுன்னா கூர் வந்தாச்சுன்னு அர்த்தம். முதுகைக் கடைசிப் பேப்பர்ல நாலு தடவை இழுத்துப் பிசிறை எடுத்துடுங்க.

'கிரைண்டர்ல ரெண்டு நிமிஷம்தானே?'ன்னு கேட்கிற ஆள் இன்னும் இருக்கீங்க இல்லையா? எஃகோட பதம் சூட்டுல போயிடும். நுனி வெளிர் மஞ்சளாச்சுன்னா 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியாச்சு. நீலமாச்சுன்னா 300-ஐ நெருங்கியாச்சு, அந்த இடம் இனி மெத்துன்னுதான் இருக்கும், கூர் நிக்காது. ஏலத்துல நீல நுனியைப் பார்த்து உஷாராகச் சொன்னது இதுக்குத்தான்.

இழைப்புளியோட அடிப்பாகத்தையும் இதே கண்ணாடி மேல 120 பேப்பர் போட்டுத் தேய்க்கலாம். பிளேடை உள்ளே இழுத்து, ஆனா வழக்கம் போல இறுக்கி மாட்டி வெச்சுத் தேய்க்கணும். இறுக்கினாத்தான் உடம்பு வேலை செய்யற நிலையில இருக்கும். குறுக்குல மார்க்கர் கோடு போட்டுட்டு ஆரம்பிங்க. முன்நுனி, வாய்க்கு முன்னாடி, பின்நுனி, இந்த மூணு இடத்துல கோடு அழிஞ்சா போதும். மிச்சப் பள்ளம் இருந்துட்டுப் போகட்டும்.

மரப்பிடிக்கு உப்புத்தாள் போடுற எண்ணத்தோட, எங்க தெரு ஆசாரி ஐயாகிட்ட பெட்டியைக் காட்டப் போனேன். எழுபது தாண்டினவர். இப்ப வேலைக்குப் போறதில்லை. உளியை வாங்கிக் கட்டைவிரலைக் கூர்ல குறுக்கே வெச்சுப் பார்த்தார்.

"ஷோகேஸுக்கா தம்பி, வேலைக்கா?"

"வேலைக்குத்தான் ஐயா."

"அப்ப இந்தக் கருப்பு அப்படியே இருக்கட்டும். செவப்புதான் துரு. இது தோல்." அவர் சொன்னது கெமிஸ்ட்ரிப்படியும் சரிதான். சிவப்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும். கருப்பு ஆக்ஸைடு இரும்போட ஒட்டிட்டு நிக்கும்.

அப்புறம் பிடியை வெளிச்சத்துல திருப்பினார். நான் கவனிக்காத ஒண்ணு. சூடு போட்ட மாதிரி 'ரா.கோ.'ன்னு ரெண்டு எழுத்து. அதுக்குக் கீழே, வேற கையெழுத்துல, கத்தியால கீறினது: 'கோ.சு.'.

"முன்னெழுத்தைப் பாரு. அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு வந்திருக்கு," என்றார். "அதுக்கப்புறம் யாரும் கீறலை."

தன்னோட பெட்டியையும் எடுத்துட்டு வந்து காட்டினார். எல்லாம் எண்ணெய் பூசி, துணியில சுத்தி இருந்தது. பையன் ஓசூர்ல வேலை பார்க்கிறாராம், கம்பெனி வேலை. "பிளைவுட் வந்ததுல இருந்து இழைக்கிறதுக்கு என்ன இருக்கு? மெஷின் பிளேனர் போதும். இதுவும் ஒரு நாள் எடைக்குத்தான் போகும்," என்று சாதாரணமாச் சொன்னார், மழை வரும்னு சொல்ற மாதிரி. நான் எதுவும் பேசலை.

உப்புத்தாள் ப்ளானை அங்கேயே கைவிட்டேன். பிடியில அழுக்கை மட்டும் துணியால எடுத்துட்டு, ஆளி விதை எண்ணெய் ரெண்டு கை பூசினேன். இதுல ஒரு எச்சரிக்கை, சீரியஸாவே படிங்க: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில போடாதீங்க. அது காயறப்ப சூடாகும், சுருட்டி வெச்சா சூடு வெளியே போகாம தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் கொடியில காயப் போட்டு, மொடமொடன்னு ஆனப்புறம் தூக்கிப் போடுங்க.

இழைப்புளியை ஆசாரி ஐயாதான் முதல்ல ஓட்டினார். பிளேடு மேல உட்கார்ற தகட்டைக் கூருக்கு அரை மில்லிமீட்டர் பின்னாடி நகர்த்தி இறுக்கினார். பித்தளைச் சக்கரத்தைக் கால் திருகு திருகினார். ஒரு துண்டுத் தேக்கு மேல ஒரே தள்ளு. 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சுருள் வாய் வழியா எழுந்து வந்து தரையில விழுந்தது. அடியில எழுதினது தெரியற அளவுக்கு மெல்லிசு. "இன்னும் கொஞ்சம் முதுகைத் தேய்க்கணும்," என்றார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கார்.

உளியோட காம்பு போயிருந்தா எந்த மரத்துல போடறது, கொட்டாப்புளிக்கு ஏன் புளிய மரம், ரம்பத்துக்கு முக்கோண அரத்தால பல் போடறது எப்படி... இதெல்லாம் இந்தப் பக்கத்துல அடங்காது. ரெண்டு ரம்பமும் என் மேஜைக்கு அடியில வினிகர் வாசனையோட காத்திட்டிருக்கு. அடுத்த வாரம் முக்கோண அரம் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க. கையில பிளாஸ்திரியும் இருக்கட்டும்!